ஸ்டேட் ப்ளேயருக்கு ஏரியா கோப்பை எதுக்கு?

நம்ம ஏரியா கேரம் போட்டியில ஸ்டேட் ஆடினவர் ஒருத்தர் ஒரு பையனை ஜெயிச்சாரே, அந்த ஞாயித்துக்கிழமை ஃபைனல் வீடியோவை இதுவரைக்கும் பதினோரு பேர் அனுப்பிட்டாங்க. கூடவே "தலைவன் வேற லெவல்"னு ஒரு வரி. சரிங்க, வேற லெவல்தான். வேற லெவல்னா அந்த லெவல்லயே ஆட வேண்டியதுதானே?

வீடியோவுக்குப் பின்னாடி பாட்டுப் போட்டு வெட்டிட்டதால கணக்கைச் சொல்லிடறேன். போர்டு முடியும்போது எதிராளிக்கு எத்தனை காய் பாக்கியோ அத்தனை பாயின்ட், ரெட் போட்டிருந்தா கூட 3, 25 வந்தா கேம். ஸ்டேட் ப்ளேயர் டாஸ் ஜெயிச்சு பிரேக் எடுத்தார், அதாவது முதல் அடி அவருது. ஆட்டம் கை மாறாம ஒரே வாய்ப்புல ஒன்பது வெள்ளை, ரெட், ரெட்டுக்கு அடுத்து போட வேண்டிய ஃபாலோ எல்லாம் உள்ளே. இதுக்குப் பேர்தான் ஒயிட் ஸ்லாம். பையனோட கருப்பு ஒன்பதும் போர்டுல, ரெட்டுக்கு 3, ஆக 12. ரெண்டாவது போர்டு பையன் பிரேக். ஒண்ணு விழுந்துது, அடுத்தது பாக்கெட் வாயில நின்னுடுச்சு. அதோட சரி. அவர் தன் காயெல்லாம் போட்டு முடிச்சப்போ பையன் காய் மிச்சம் 8, ரெட் 3, ஆக 11, மொத்தம் 23-0. 22 வந்துட்டா ரெட்டுக்குப் பாயின்ட் கிடையாது, அதனால மூணாவது போர்டுல அவர் நிதானமா உருட்டினார். முடியும்போது பையன் காய் மூணு பாக்கி. கூட்டினா 26, ஆனா 25ஐத் தாண்டினாலும் கணக்கு 25தான், கேம் 25-0. எட்டு போர்டு வரைக்கும் போகக்கூடிய கேம் மூணே போர்டுல காலி. முதல் போர்டு முழுக்க அந்தப் பையன் ஸ்ட்ரைக்கரைத் தொடவே இல்லை. விரல்ல தேய்ச்ச பவுடரை அப்படியே பேன்ட்ல துடைச்சுக்கிட்டான். வீடியோவுல அது இருக்கு, யாரும் கவனிக்கலை.

இதைச் சொன்னா உடனே "பொறாமை". பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கு? அவர் கையைப் பத்தி ஒரு குறையும் சொல்லலையே. ஒய் வடிவத்துல அடுக்கின வெள்ளையோட ரெண்டு கையையும் எதிர் பாக்கெட்டுக்கு நேரா திருப்பி வெச்சு அவர் உடைக்கிற அழகைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். குச்சியால பந்தை அடிச்சு ஆடுற பூல் டேபிள்ல, கியூ பால்னு சொல்ற அந்த வெள்ளைப் பந்து எங்கே வந்து நிக்குதுன்றது பாதி ஆட்டம். கேரம்ல ஸ்ட்ரைக்கர் திரும்பக் கைக்கே வந்துடும். அதனால ஒரு காயைப் போடும்போதே ஒட்டிக்கிட்டு நிக்கிற இன்னொண்ணைப் பிரிச்சு வெக்கிறது, எதிராளி காயை அடைக்கிறது, இதுலதான் வித்தை. தினம் நாலு மணி நேரம் போர்டுல உட்காருறவனுக்கு அது வரும். விடியக்காலம் ரெண்டு மணிக்குக் காசிமேட்டுல ஐஸ் பொட்டி தூக்கப் போறவன் சாயங்காலம் ஒரு மணி நேரத்துல என்னத்தைக் கத்துப்பான்? அவனுக்காகத்தானே ஏரியா போட்டி?

"அப்படிப்பட்ட ஆளுங்களோட ஆடினாதான் கத்துக்க முடியும்"னு ஒருத்தர். கேரம்ல உலக சாம்பியன் ஆன வியாசர்பாடி இளவழகியைச் சொல்றார், 2024ல அமெரிக்காவுல உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின புது வண்ணாரப்பேட்டை காசிமாவைச் சொல்றார். நல்லா சொல்றார். அவங்க யாரும் நாக்-அவுட்ல ஸ்லாம் வாங்கி ஆட்டம் கத்துக்கலைங்க. கோச்சிங்ல உட்கார்ந்து, ஒரே கட் ஷாட்டை நூறு தடவை அடிச்சு வந்தவங்க. நாக்-அவுட்ல தோத்தவன் இருபது நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடறான். சொல்லிக் கொடுக்கணும்னு ஆசை இருந்தா வாரம் ஒரு நாள் கிளப்புக்கு வரச் சொல்லுங்க, டீ செலவு என்னுது.

"அவரும் நம்ம ஏரியாதானே?" ஆமா. மரிய இருதயம் கேரம்ல அர்ஜுனா விருது வாங்கினவர், 1991லயும் 1995லயும் உலக சாம்பியன். அவர் உங்க தெருவுல வீடு வாங்கிட்டா, 300 ரூபா என்ட்ரி வாங்கிக்கிட்டு பசங்களோட உட்கார வெப்பீங்களா?

ஆட வேண்டாம்னு சொல்லலை, ஒரு வழி பண்ணுங்கன்றேன். அமெரிக்காவுல ஏபிஏன்ற அமெச்சூர் பூல் லீக்ல, எய்ட் பால்ன்ற பூல் வகை ஆடறவங்களுக்குத் திறமையைப் பார்த்து 2ல இருந்து 7 வரைக்கும் படி இருக்கு. 7ஆம் படி ஆள் 7 கேம் ஜெயிக்கணும், எதிரே 2ஆம் படி ஆளுக்கு 2 போதும். டீம்ல ஆடுற அஞ்சு பேர் படியையும் கூட்டினா 23ஐத் தாண்டக் கூடாது. அங்கேயும் வேணும்னே தோத்து கீழ்ப் படியிலயே குந்திக்கிற கில்லாடிங்க உண்டு, ஆனா கேட்கவாவது ஒரு விதி இருக்கு. நம்ம ஊர்ல ஸ்டேட் ஆடினவர் எதிராளிக்குப் பத்து பாயின்ட் கொடுத்து ஆடட்டும். இன்னொண்ணு, ஒரு போர்டு ஸ்லாம்ல போனாலும் அதோட தலையெழுத்து முடியாத மாதிரி காலிறுதியில இருந்தாவது மூணு கேம் வைங்க. ஒரே கேம்னா டாஸ் தோத்தவன் பாதி தோத்தான்.

பணம்னு ஒரு பேச்சு வருது. இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்லை. கிரிக்கெட் மாதிரி கேரம்ல காசு கிடையாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைக்கிறவரைக்கும் நல்ல ஆட்டக்காரனும் வெறும் கைதான். பரிசுப் பணம் பத்தாயிரம் அவருக்கும் பெருசு, புரியுது. ஆனா அந்தப் பத்தாயிரம் யார் கட்டினது? 64 பசங்களோட முந்நூறு.

உண்மையைச் சொன்னா அவர் மேல கூட எனக்குக் கோபம் இல்லை. ஃபிளெக்ஸ்ல "ஏரியா இளைஞர்களுக்கு மட்டும்"னு அடிச்சுட்டு, கடைசி நாள் அவரை வேற கிளப் பேர்ல உள்ளே விட்டாங்களே, அவங்க மேலதான். ஆளைக் கூப்பிட்டீங்க, கூட்டம் வந்துது, சால்வை போட்டு போட்டோ எடுத்தீங்க. போர்டையாவது ஒழுங்கா வெச்சீங்களா? கடல் காத்து அடிக்கிற இடத்துல எல்இடி மாட்டினா போர்டு சூடாகாது, பவுடர் ஈரமாகிக் கட்டிக்கும், காய் பாதியில நின்னுடும். பழைய குண்டு பல்பு சூட்டுல போர்டு காய்ஞ்சே இருக்கும். பையனோட அந்த ரெண்டாவது காய் பாக்கெட் வாயில ஏன் நின்னுதுன்னு நினைக்கிறீங்க?

பொங்கல் போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி யார் யார் ஆடலாம்னு எழுதி கிளப் கதவுல ஒட்டுங்க. அதுவரைக்கும் அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதீங்க.