தீப்பிடித்தது டீப் பர்ப்பிள் கச்சேரியில் அல்ல

“ஸ்மோக் ஆன் தி வாட்டர், டீப் பர்ப்பிள் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது பிடித்த தீயைப் பற்றிய பாட்டு” என்று இங்கிலாந்து ராக் இசைக்குழுவான டீப் பர்ப்பிளின் அந்தப் பாட்டைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. தீ நிஜம், கச்சேரி அவர்களுடையது இல்லை.

1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ. காசினோ அரங்கில் வாசித்துக்கொண்டிருந்தவர் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பா. கூட்டத்தில் ஒருவர் ஃப்ளேர் துப்பாக்கியால் (தீப்பொறி வெடிக்கும் சமிக்ஞைத் துப்பாக்கி) சுட, கூரை பற்றிக்கொண்டது. டீப் பர்ப்பிள் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தை அதே காசினோவில் பதிவு செய்ய வந்திருந்தார்கள். இடம் போய்விட்டது. ஜெனிவா ஏரிமேல் புகை படர்ந்து நின்ற காட்சிதான் தலைப்பு. அது பேஸ் வாசித்த ரோஜர் குளோவருக்குத் தோன்றியது. வரிகளில் வரும் ‘ஃபங்கி கிளாட்’, பிள்ளைகளை வெளியே இழுத்துக் காப்பாற்றிய, மோன்ட்ரோ ஜாஸ் விழாவை நடத்திய கிளாட் நோப்ஸ். பாட்டே ஜாப்பா பெயரைச் சொல்கிறதே, ஒருமுறை வரிகளைக் கவனித்துக் கேளுங்கள்.

“அந்த ரிஃப் யாருக்கும் வரும்” என்று, பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கைப் பற்றிச் சொல்வதையும் ஏற்க முடியவில்லை. குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் இந்த ரிஃபை பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) பிடித்து வாசிப்பதில்லை. ரிஃபில் சேர்ந்தே ஒலிக்கும் இரண்டு தந்திகளையும் விரல்களால் ஒரே நேரத்தில் சுண்டுவார். பிக்கால் வாசித்தால் ஒரு தந்தி முந்திக்கொள்ளும், அந்தக் கனம் வராது. முதலில் கிட்டார் மட்டும், கடைசியாக பேஸ் வந்து சேரும் இடத்தில் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.