ஆயுட்கால வாரன்டி எல்லா விரிசலுக்கும் பொருந்தாது

மவுன்டன் பைக் (மலைப்பாதை சைக்கிள்) ஃப்ரேமுக்கு ஆயுட்கால வாரன்டி இருந்தால், எப்படி விரிசல் விட்டாலும் கம்பெனி புது ஃப்ரேம் தந்தே ஆகவேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை நம்பிப் பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

பெரும்பாலான மவுன்டன் பைக் கம்பெனிகளின் வாரன்டி, மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்கு மட்டும்தான். கீழே விழுந்தோ மோதியோ வந்த விரிசலும், வழக்கமான தேய்மானமும் அதில் சேராது. உதாரணத்துக்கு, சீட் ட்யூபும் (சீட்டுக்குக் கீழே இருக்கும் ஃப்ரேம் குழாய்) டாப் ட்யூபும் (ஃப்ரேமின் மேல் குழாய்) சேரும் வெல்டிங் ஓரத்தில் விரிசலா? சீட்டைத் தாங்கி, சீட் ட்யூபுக்குள் செருகியிருக்கும் சீட் போஸ்ட்டைக் கவனியுங்கள். குறைந்தபட்சம் எதுவரை உள்ளே இருக்கவேண்டும் என்று அதில் ஒரு கோடு இருக்கும். அது வெளியே தெரியும்படி ஏற்றி ஓட்டியிருந்தால், தவறான பயன்பாடு என்று மறுக்க அவர்களுக்கு இடமுண்டு. கடையில் வாய்மொழியாகச் சொன்னதெல்லாம் அப்போது எடுபடாது.

சரிபார்ப்பது சுலபம். உங்கள் மாடலின் மேனுவலிலோ கம்பெனி தளத்திலோ வாரன்டிப் பகுதியைத் திறந்து, எவையெல்லாம் அடங்காது என்று போட்டிருக்கும் பத்தியை மட்டும் படியுங்கள். விபத்தில் உடைந்த ஃப்ரேமுக்குத் தள்ளுபடி விலையில் மாற்று தரும் கம்பெனிகளும் உண்டு; அதைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.