முடி கொட்டினால் ஜிங்க் மாத்திரையா?

"முடி கொட்டுகிறதா? நகத்தில் வெள்ளைப் புள்ளியா? துத்தநாகச் (ஜிங்க்) சத்துக் குறைவுதான். தினமும் 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரை போடுங்கள்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

நகத்து வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் நக வேரில் பட்ட சிறு அடியால் வருவது. முடி உதிர்வுக்கும் பரம்பரை, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, பிரசவம், கடும் காய்ச்சல் எனப் பல காரணங்கள் உண்டு.

துத்தநாகம் கடுமையாகக் குறைந்தாலும் முடி உதிரும், உண்மைதான். ஆனால் முடி மட்டும் உதிர்வது அரிது. வாயையும் ஆசனவாயையும் சுற்றி, கை கால்களில் தோல் சிவந்து உரியும், புண் எளிதில் ஆறாது, வயிற்றுப்போக்கும் வரலாம். குடலால் இச்சத்தைச் சரிவர உறிஞ்ச முடியாத பிறவிக் கோளாறுள்ள குழந்தைகளிடம் இவை தெளிவாகத் தெரியும். அவர்களுக்குத் துத்தநாகம் உயிர் காக்கும் மருந்து.

மற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உச்சவரம்பு 40 மில்லிகிராம். மாதக்கணக்கில் அதைத் தாண்டினால் உடலில் செம்புச்சத்து குறையும். இரத்தசோகை, வெள்ளையணுக் குறைவு, நரம்புப் பாதிப்பு வரை கொண்டுபோய் விடும். முடிக்காக நரம்பைப் பணயம் வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும்: வயிற்றுப்போக்குக்காகக் குழந்தைக்கு மருத்துவர் எழுதிய ஜிங்க் மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். சொன்ன நாள்வரை கொடுங்கள்.