முருங்கைக்காய் வரி

இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரெயூனியன் தீவு, சேந்த் ஆந்த்ரே என்ற ஊர். ஞாயிற்றுக்கிழமை மதியம். தேவகிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. வீட்டில் இருப்பது அவள் கணவன் செல்வமும், காரைக்காலிலிருந்து வந்து எட்டு வருடமாக மகளோடு தங்கியிருக்கும் மாமியார் அலமேலுவும்தான். மாமியாரும் மருமகனும் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் மூன்றாவதாக ஒரு குரல் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது. அதனால் டிவி ஓடுகிறது.

செல்வம்: சாம்பார் நன்றாக இருக்கிறது அத்தை. முருங்கைக்காய் சாம்பார் என்றுதானே சொன்னீர்கள்?

அலமேலு: ஆமாம்.

செல்வம்: முருங்கைக்காய்?

அலமேலு: கரண்டியைக் கொஞ்சம் ஆழமாக விடுங்கள் மாப்பிள்ளை.

செல்வம்: (நெடுநேரம் துழாவி) ஒன்று அகப்பட்டது.

அலமேலு: பார்த்தீர்களா. நம் வீட்டு மரம் போன வருடம் கரான்ஸ் புயலில் சாய்ந்துவிட்டதே. இப்போது காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். சந்தையில் "மூரூம்" என்று நம் முருங்கையையே நம்மிடம் பெயர் மாற்றி விற்கிறார்கள். அது கிடக்கட்டும். இந்தச் செய்தி வாசிக்கிற பையன் முடியைப் பாருங்கள், காடாக வளர்ந்து கிடக்கிறது. முடிவெட்டக் கூடவா சம்பளம் தருவதில்லை?

செல்வம்: அது அரசாங்க டிவி அத்தை. முன்பெல்லாம் நானும் அவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ரெதவான்ஸ்" என்று டிவி வரி, வருடத்துக்கு 88 யூரோ. பிரான்சில் இருப்பவர்களுக்கு 138. நாம் தீவுக்காரர்கள் என்று தள்ளுபடி. 2022-ல் அதிபர் மக்ரோன் அதையே எடுத்துவிட்டார். இப்போது எனக்கு ஒரு சல்லிக்காசு செலவில்லை.

அலமேலு: எங்கள் அப்பாவும் ரேடியோவுக்கு வருடாவருடம் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டினார். முத்திரை குத்திய ஒரு குட்டிப் புத்தகம். நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருப்பார். இங்கே எப்படி வாங்கினார்கள், ஆள் வருவானா?

செல்வம்: ஆளெல்லாம் இல்லை. 2005-லிருந்து வீட்டு வரியோடு சேர்த்துவிட்டார்கள். வருமான வரிப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எல்லார் வீட்டிலும் டிவி இருக்கிறது என்று அரசாங்கமே எடுத்துக்கொள்ளும். இல்லாதவர்தான் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும்.

அலமேலு: "எங்கள் பையன் குடிக்க மாட்டான்" என்று பெண் பார்க்க வந்த இடத்தில் அவர்களாகவே சொல்வார்களே, அந்த மாதிரி.

செல்வம்: ஏறக்குறைய.

அலமேலு: நீங்கள் டிக் அடித்தீர்களா?

(செல்வம் சோற்றை மிகக் கவனமாகப் பிசைகிறார்.)

அலமேலு: நான் வந்த புதிதில் இந்த டிவி மேல் என் அரக்குப் பட்டுச்சேலையைப் போர்த்தி வைத்திருந்தீர்கள். மாமியார் சேலைக்குக்கூட எவ்வளவு மரியாதை என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

செல்வம்: அத்தை, அப்போது நான் எல்லாவற்றையும் லேப்டாப்பில்தான் பார்த்தேன். லேப்டாப்புக்கு ரெதவான்ஸ் கிடையாது, சட்டமே அப்படித்தான். டிவிப் பெட்டி இருந்தால் வரி. அதே செய்தியை, அதே பையனை, கம்ப்யூட்டரிலோ போனிலோ பார்த்தால் வரி இல்லை. ஜனங்கள் போனுக்குப் போய்விட்டார்கள், வரி மட்டும் பெட்டியை எண்ணிக்கொண்டு நின்றது.

அலமேலு: சரி, எடுத்துவிட்டார்கள். பையன் சும்மா வாசிக்கவில்லையே. இப்போது காசு எங்கிருந்து வருகிறது?

செல்வம்: தேவேஆவிலிருந்து ஒரு பங்கு.

அலமேலு: தேவேஆ என்றால் நம் ஊர் ஜிஎஸ்டி மாதிரி, கடைச் சீட்டில் கடைசியில் போடுவார்களே, அதுதானே?

செல்வம்: அதேதான். பிரான்சில் 20 சதவீதம், நமக்கு 8.5.

அலமேலு: ஒரு நிமிஷம் இருங்கள்.

(எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வருகிறார். அதில் பிஸ்கட் இல்லை, மூன்று வருடத்துக் கடைச் சீட்டுகள் இருக்கின்றன. காரைக்காலில் இருபது வருடம் பெட்டிக்கடை நடத்தியவர்.)

அலமேலு: இந்தச் செருப்பு 20 யூரோ. தேவேஆ 1 யூரோ 57. டிவிக்கு இதில் எவ்வளவு?

செல்வம்: நாடு முழுக்க வசூலாகும் தேவேஆவில் நூற்றுக்குச் சுமார் 2 போகும்.

அலமேலு: (விரல் விட்டு) அப்படியென்றால் இந்தச் செருப்பில் 3 சாந்தீம், ஒரு யூரோவில் நூற்றுக்கு மூன்று. பழையபடி 88 யூரோ கட்ட வேண்டுமென்றால் நான் எத்தனை செருப்பு வாங்க வேண்டும்?

செல்வம்: (போனில் தட்டி) சுமார் 2,800 ஜோடி.

அலமேலு: எனக்கு இருப்பது இரண்டு கால்.

செல்வம்: அதைத்தான் அத்தை நானும் சொல்கிறேன். நமக்கு லாபம்.

அலமேலு: லாபம் யாருக்கு? பக்கத்து வீட்டுக் கிழவி வருமானம் இல்லாதவள். அவள் அன்றைக்கு ரெதவான்ஸ் கட்டினாளா?

செல்வம்: அந்த மாதிரி ஆட்களுக்கு விலக்கு இருந்தது.

அலமேலு: இப்போது அவள் ஒரு செருப்பு வாங்கினாலும் 3 சாந்தீம் போகிறதே.

செல்வம்: அவள் அந்தத் தேவேஆவை முன்பும் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். விகிதத்தை ஏற்றவே இல்லை. இருக்கிற தேவேஆவிலிருந்து ஒரு துண்டை வெட்டி டிவிக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அலமேலு: அந்தத் துண்டு முன்பு யார் இலையில் இருந்தது?

செல்வம்: அரசாங்கப் பொதுப் பணத்தில்…

அலமேலு: ஒரே தோசை. முன்பு இரண்டு பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தேன், இன்று மூன்று பிள்ளைகள். "தோசை விலை ஏறவில்லை" என்கிறீர்கள். சரிதான். யாரோ ஒரு பிள்ளை பசியோடு எழுந்து போயிருக்கிறது, யார் என்றுதான் தெரியவில்லை.

(செல்வம் தட்டில் கிடக்கும் ஒற்றை முருங்கைக்காயைப் பார்க்கிறார். அப்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.)

செல்வம்: வேறு எப்படித்தான் செய்வது? இந்தக் காலத்தில் எல்லாரும் நெட்ஃபிளிக்ஸ்தான் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் 2013-லிருந்து வீட்டுக்கு வீடு வரி, மாதம் 18 யூரோ 36. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கதவு இருந்தால் கட்ட வேண்டும்.

அலமேலு: கோயில் தலைக்கட்டு வரி மாதிரி. சாமி கும்பிடாதவனும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கே சேலை போர்த்திப் பிரயோஜனம் இல்லை.

செல்வம்: பிரிட்டனில் நேரலை பார்த்தாலோ பிபிசி ஆப்பில் பார்த்தாலோதான் லைசென்ஸ். பின்லாந்தில் வருமானத்துக்குத் தகுந்த மாதிரி வரி. நம் பக்கத்துத் தீவு மொரிசியசில் கரண்ட் பில்லோடு சேர்த்து வாங்கினார்கள்.

அலமேலு: அது கெட்டிக்காரத்தனம். கட்டாவிட்டால் டிவி மட்டுமா அணையும், ஃபிரிட்ஜும் அணையும். விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கக் கூடாதா இவர்கள்?

செல்வம்: தேசிய அரசு சேனல்களில் 2009-லிருந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் விளம்பரம் கிடையாது. அப்போதைய அதிபர் சார்க்கோசி கொண்டுவந்தது.

அலமேலு: அதனால்தானா! அடுப்பில் ஏதாவது வைத்தால் போய்க் கிளற நேரமே கிடைப்பதில்லை.

செல்வம்: என்னைக் கேட்டால் நெட்ஃபிளிக்ஸ் மாதிரி வைத்துவிடலாம். வேண்டியவன் மாதச் சந்தா கட்டிப் பார்க்கட்டும், வேண்டாதவன் விட்டுவிடட்டும். அரசு டிவியான பிரான்ஸ் டெலிவிஷனே 2025-ல் அமேசானோடு ஒப்பந்தம் போட்டு பிரைம் வீடியோவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அலமேலு: பெரிய கடை வந்தபோது நானும் அதன் வாசலில் ஒரு மேசை போட்டு மிட்டாய் விற்றேன். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் எல்லாரும் என் மிட்டாயைப் பெரிய கடை மிட்டாய் என்றுதான் சொன்னார்கள். சரி மாப்பிள்ளை, உங்கள் சந்தாக் கணக்குப்படியே வருவோம். கரான்ஸ் அன்றைக்கு உங்கள் நெட்ஃபிளிக்ஸ் என்ன சொன்னது?

செல்வம்: (மௌனம்)

அலமேலு: 2025 பிப்ரவரி 28. கரண்ட் இல்லை, நெட் இல்லை. நீங்கள் போனை ஜன்னல் பக்கம் நீட்டி நீட்டி, அந்த வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் பேட்டரி ரேடியோதான் பேசியது. எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, இந்த ஊர் மொழி கிரியோலும் அரைகுறை. ஆனாலும் "அலேர்த் வியோலெத்", ஊதா எச்சரிக்கை, என்றதும் புரிந்துவிட்டது. சாமி படத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனேன். நீங்களும் பின்னாலேயே வந்தீர்கள். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு "மாதச் சந்தா கட்டினவர்களுக்கு மட்டும்தான் புயல் சேதி" என்று ரேடியோ சொல்லியிருந்தால்?

செல்வம்: அன்றைக்குத் தனியார் ரேடியோவும்தான் பேசியது அத்தை. இந்த ஊரில் ஃப்ரீ தோம் என்ற தனியார் ரேடியோவுக்கு இருக்கும் பெயரே வேறு. 1986-ல் அனுமதியில்லாமல் டெலே ஃப்ரீ தோம் என்று ஒரு டிவியே நடத்தினார்கள். 1991-ல் அதன் கருவிகளைப் பறிமுதல் செய்தபோது தலைநகரின் ஷோத்ரோன் பகுதியில் கலவரம் வெடித்தது, எட்டுப் பேர் செத்தார்கள்.

அலமேலு: (தட்டிலிருந்து கையை எடுத்து) ஒரு டிவிக்காகவா?

செல்வம்: டிவிக்காக மட்டும் இருக்காது, வேலையில்லாக் கோபமும் சேர்ந்துதான். அடுத்த வருடம் தேர்தலில் அதை நடத்திய கமீய் சுத்ர் பிராந்திய சபைத் தலைவர் ஆகிவிட்டார். அந்தத் தேர்தல் செல்லாது என்றதும் அவர் மனைவி மார்ஜி சுத்ர் தலைவர்.

அலமேலு: அது நம் பக்கத்துக் கதை மாதிரியே இருக்கிறது. பாருங்கள், நம்முடையது என்று நினைத்தால்தான் ஜனங்களுக்கு அவ்வளவு ரோஷம் வரும். 88 யூரோ கொடுத்தபோது உங்களுக்கு இந்தப் பையன் முடியைத் திட்ட உரிமை இருந்தது.

செல்வம்: நான் திட்டியதே இல்லையே.

அலமேலு: கொடுத்திருந்தால் திட்டியிருப்பீர்கள்.

(அடி சரியாக விழுகிறது. செல்வம் மோர் ஊற்றிக்கொள்கிறார்.)

அலமேலு: இப்போது யார் கொடுக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. செருப்பு வாங்குகிறவளுக்கும் தெரியாது. எவ்வளவு கொடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

செல்வம்: வருடாவருடம் பட்ஜெட்டில் அரசாங்கமும் பாராளுமன்றமும்தான். தேவேஆப் பங்கு நிரந்தரமாக இருக்கட்டும் என்று 2024 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டார்கள். தொகை மட்டும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும்.

அலமேலு: அப்படியானால் மாசம் பிறந்ததும் உங்களிடம் மளிகைக்குக் கை நீட்டி நிற்கிறேனே, அந்த நிலைமைதான் அந்த டிவிக்கும். நீங்கள் மனசு வைத்தால் நெய், முகம் சுளித்தால் நல்லெண்ணெய். அப்புறம் உங்களைப் பற்றி நான் தேவகியிடம் துணிந்து என்ன செய்தி வாசிக்க முடியும்?

செல்வம்: என்ன அத்தை இப்படிச் சொல்கிறீர்கள்! நான் எப்போது முகம் சுளித்தேன்? மளிகைக்கு மாசம் 300 யூரோ. ஒரு காசு குறைத்ததில்லை.

அலமேலு: குறைத்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஏற்றியதும் இல்லை.

(அலமேலுவின் போன் "டிங்" என்கிறது. செல்வம் எட்டிப் பார்க்கிறார்.)

செல்வம்: சந்தா புதுப்பிக்கப்பட்டது… மாதம் 7 யூரோ… அத்தை, இது என்ன?

அலமேலு: தமிழ் சீரியல். போனிலேயே வருகிறது. ராத்திரி பார்ப்பேன்.

செல்வம்: எத்தனை மாதமாக?

அலமேலு: கரான்ஸ் முடிந்து நெட் வந்ததிலிருந்து.

செல்வம்: காசு?

அலமேலு: உங்களிடம் தனியாக ஒரு காசு கேட்டேனா மாப்பிள்ளை? மளிகை 300 அப்படியே இருக்கிறது. விகிதம் ஏறவில்லை. அதிலிருந்து ஒரு துண்டு.

(செல்வம் மறுபடி சாம்பாரைப் பார்க்கிறார். இந்தத் தடவை தோன்றுகிறது.)

செல்வம்: முருங்கைக்காய்!

அலமேலு: மரம் விழுந்தது புயலால்தான், அதில் பொய்யில்லை.

செல்வம்: ஒன்றரை வருடமாக நான்தான் உங்கள் சீரியலுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறேனா? எனக்கே தெரியாமல்?

அலமேலு: தெரியாததால்தானே இவ்வளவு நேரம் "ஒரு சல்லிக்காசு செலவில்லை" என்று சந்தோஷமாக இருந்தீர்கள்.

செல்வம்: (எழுந்து, மறுபடி உட்கார்ந்து) சரி. பணம் நான் கொடுக்கிறேன் என்று ஆகிவிட்டது. அந்த சீரியலைக் கொஞ்சம் போடுங்கள், பார்க்கலாம்.

அலமேலு: உங்களுக்கு எதற்கு? பிடிக்காதே.

செல்வம்: பிடிக்காமல் இருக்கட்டும். உட்கார்ந்து திட்ட வேண்டும்.