ஜோடிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

ஆன்லைனில் சிப்பி நகை விற்கிற ஒரு மேடத்தின் வெப்சைட் போட்ட வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். 'உங்க ஊர்க்காரங்களைக் காட்டியிருக்காங்க, பெருமையா இருக்கு' என்று. பார்த்தேன். பாம்பன் பாலம், கடல், பின்னணியில் வயலின், நடுவில் திண்ணையில் உட்கார்ந்து சோழியும் சிப்பியும் கோக்கிற என் சின்னம்மா. கீழே 'கைவினைஞர்களுக்கு நியாயமான விலை' என்று எழுத்து. தோடு ஒரு ஜோடி 1,250 ரூபாய். நான் அவர்களிடம் கமெண்டில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இதில் கோத்தவருக்கு எவ்வளவு? கொஞ்ச நேரத்தில் என் கமெண்டை அழித்துவிட்டு, நெகட்டிவாகப் பேசுபவர்களுக்கு இங்கே இடமில்லை என்று ஒரு பதிவு போட்டுவிட்டார்கள். கூலி எவ்வளவு என்று கேட்பது எப்படிங்க நெகட்டிவ் ஆகும்?

சின்னம்மாவிடமே போனில் கேட்டேன். ஜோடிக்கு 12 ரூபாய். 'கெடக்கட்டும் விடு தாயி, இருக்கிற வேலையும் போயிறப்போகுது' என்கிறார்.

அந்த 12 ரூபாய்க்கு என்ன வேலை என்று தெரியுமா மேடம்? சிப்பியை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டு, நாற்றம் போகக் கழுவி, காயவைத்து, மேல்தோல் போக ஆசிட் கலந்த தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் சிப்பியும் அரித்துவிடும், விரல் நுனியும் வெந்துவிடும். அப்புறம் அளவு பார்த்துப் பிரித்துத் துளை போட வேண்டும். துளை போடும்போது உடைகிற சிப்பிக்குக் கூலி கிடையாது. அந்த வெள்ளைத் தூள் கண் இமையில்கூடப் படிந்திருக்கும். சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டுதான் உட்காருவார், இருந்தும் ராத்திரியெல்லாம் இருமல். கடைசியாகத் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பில் கோத்து, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கி, கொக்கி மாட்டினால்தான் உங்கள் ஒரு ஜோடி.

வெப்சைட் செலவு, பேக்கிங், கூரியர், ஜிஎஸ்டி எல்லாம் இருக்கே என்பீர்கள். இருக்கட்டும். நஷ்டத்துக்கு விற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, 1,250 ரூபாயையும் சின்னம்மாவிடமே கொடு என்றும் சொல்லவில்லை. நியாயமான விலை என்று நீங்களே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், அந்த விலை எவ்வளவு என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். நியாய வணிகம் என்பது வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொள்கிற பேச்சில்லை. உலக நியாய வணிக அமைப்பு அதற்கு 10 கோட்பாடுகள் வைத்திருக்கிறது. விலையை இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். கைவினைப் பொருள் என்றால், செய்கிறவர் கேட்டால் குறைந்தது பாதிப் பணத்தை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும். இங்கே முன்பணம் போட்டது யார்? சோழியும் நரம்பும் கொக்கியும் கடனுக்கு வாங்கி வேலை செய்த சின்னம்மாதான். ஐப்பசியில் கொடுத்த சரக்குக்குத் தை பிறந்தும் பணம் வரவில்லை. வடகிழக்குப் பருவமழையில் சித்தப்பா கடலுக்குப் போக முடியாத நாள்தான் அதிகம். அவர் போவது விசைப்படகில், அதனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் வேறு. அந்த நாட்களில் உலை வைப்பதே இந்தத் தோட்டுக் காசில்தான்.

கரையில் வாங்குகிற வியாபாரி இதைவிடக் குறைவாகத்தானே தருவார் என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். ஆமாம், குறைவுதான். ஆனால் அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். ஏழைப் பெண்களை வாழவைக்கிறேன் என்று அவர் எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை.

'ஏதோ வேலையாவது கொடுக்கிறார்களே' என்பதற்குத்தான் எனக்குக் கோபமே வருகிறது. கைத்தொழில் தெரியாத பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தோம் என்று வீடியோவில் சொல்கிறார்கள். யாருக்கு யார் கற்றுக்கொடுத்தது? வைகை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானிய மட்பாண்டங்களோடு சங்கு வளையல்களும் கிடைத்தன. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் மூச்சடக்கி முங்கி எடுத்த சங்குதான் காலங்காலமாக வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணப் பெண்கள் கையில் வளையலாக ஏறுகிறது. நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து சோழி கோத்தவள். எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

கடலுக்குத் தீங்கில்லாத நகையாம். சரி. பவளம், கடற்குதிரை, சில வகைச் சங்கு, சிப்பி எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்குவது சின்னம்மா. நாளைக்குச் சோதனை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் திண்ணையில் இருப்பவர்தான், வெப்சைட் நடத்துபவர் இல்லை.

இவ்வளவும் போகட்டும். அந்தப் படத்துக்குக் கீழே 'வறுமையில் வாடும் பெண்' என்று எழுதியிருக்கிறார்களே, அதைப் பக்கத்து வீட்டுப் பையன் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்து, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். யாரிடமும் போய்க் கை நீட்டாதவர். எடுக்கும்போது சும்மா போட்டோதான் என்றுதான் சொன்னார்களாம். இப்போது வாசலில் உட்கார்ந்து கோப்பதே இல்லை, சம்பந்தி வீட்டார் பார்த்திருப்பார்களோ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

வீடியோவை நீக்கச் சொல்லி இன்று காலை மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. ஐப்பசிப் பாக்கியையும் அனுப்புங்கள் மேடம். சின்னம்மாவின் கணக்கு எண் முதல் ஆர்டரிலிருந்தே உங்களிடம் இருக்கிறது.