நான்கு நாள் சுற்றாத பம்பரம்

கடந்த மே மாதம் சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். என் மகளுக்கு ஒன்பது வயது. தெருப் பையன்கள் பம்பரம் விடுவதைத் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தவள், தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். அவளுடைய ஆச்சி கடைக்குப் போய் ஒரு மரப் பம்பரமும் சாட்டைக் கயிறும் வாங்கி வந்து கொடுத்தார்.

பம்பரத்தில் சாட்டை சுற்றுவதே பெரிய வேலை. ஆணியிலிருந்து தொடங்கி, கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாமல் மேலே கொண்டுவர வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் பொலபொலவென்று அவிழ்ந்துவிடும். முதல் நாள் முழுக்க அவளால் சுற்றவே முடியவில்லை. இரண்டாம் நாள் சுற்றினாள். வீசினால் பம்பரம் கல்லைப் போல விழுந்து உருண்டது. நான் எழுந்து போய்ச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். என் அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "நீ சும்மா இரு. அவள் கையே அதைக் கண்டுபிடிக்கும்" என்றார்.

மூன்றாம் நாள் அழுதாள். பம்பரத்தை வேலியோரம் தூக்கி எறிந்தாள். அரை மணி நேரம் கழித்து அவளே போய்த் தேடி எடுத்து வந்தாள். நான்காம் நாள் சாயங்காலம், அவளைவிட இரண்டு வயது சிறிய எதிர்வீட்டுப் பையன் அவளுடைய பம்பரத்தை வாங்கி ஒரு முறை விட்டுக் காட்டி, "அக்கா, கை முன்னால் போனதும் கயிற்றைச் சட்டென்று பின்னால் இழு" என்றான். அவ்வளவுதான். அடுத்த வீச்சில் ஆணி மண்ணில் ஊன்றி நின்றது. இருந்த இடத்திலேயே அசையாமல் சுற்றும்போது பம்பரம் தூங்குகிறது என்போமே, அப்படித் தூங்கியது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. படம் எடுக்கச் சொல்லவும் இல்லை. குனிந்து, மூச்சுவிடாமல், அது சாய்ந்து விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நான்கு நாளும் அவள் கைபேசியைக் கேட்கவில்லை. நான் பிடுங்கி வைக்கவும் இல்லை. இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

மதுரையில் எங்கள் வீட்டில் கைபேசிக்காக நடக்காத சண்டை இல்லை. நேரக் கட்டுப்பாடு வைத்தேன், கடவுச்சொல் மாற்றினேன், அலமாரியில் பூட்டினேன். எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. பிள்ளையைக் குறை சொல்வது சுலபம். ஆனால் ஒன்றரை வயதில், சோறு இறங்க வேண்டும் என்பதற்காக அதை அவள் முன்னால் முதலில் நீட்டியது நான். மூன்று வயதில் அவள் படிக்கட்டில் இறங்கி ஓடியபோது "விழுந்துவிடுவாய், உள்ளே வா" என்று கூப்பிட்டதும் நான். உள்ளே வந்த குழந்தைக்குக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருந்தது? கைபேசியை நீட்டியதும் நாம்தான், கதவைச் சாத்தியதும் நாம்தான்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு பலகை இருக்கிறது. பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது. நாற்பத்தெட்டு வீடு, முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்கள் என்ன செய்யலாம் என்று அந்தப் பலகையில் ஒரு வரிகூடக் கிடையாது.

போன வருடம் மகளுக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது. கிட்டப்பார்வை. கைபேசி எத்தனை மணி நேரம் பார்க்கிறாள் என்று கேட்பார்கள் என்று நினைத்துத் தயாராகப் போயிருந்தேன். கண் மருத்துவர் கேட்டது வேறு: "ஒரு நாளில் எவ்வளவு நேரம் வெளியே வெளிச்சத்தில் இருக்கிறாள்?" யோசித்துப் பார்த்தேன். பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் ஒரு வகுப்பு. மற்றப் பள்ளிகளில் வழக்கம்போல. மூன்று ஆண்டுக்குப் பிறகு, வெளியில் போன குழந்தைகளில் 30.4 சதவீதத்தினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது; போகாதவர்களில் 39.5 சதவீதத்தினருக்கு. 2015-இல் வெளியான ஆய்வு இது. மருந்து இல்லை, கருவி இல்லை, நாற்பது நிமிட வெயில் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள்; வீட்டுக்குள் விளக்கைப் போட்டாலும் அது சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். தைவானில் 2010 முதல் பள்ளிக் குழந்தைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்கச் செய்யும் திட்டமே நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் இதே திசையில்தான்: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம்; இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்; மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாடி இயங்க வேண்டும். நாம் இதில் திரை பற்றிய பாதியை மட்டும் படித்துவிட்டுப் பிள்ளைகளை அதட்டுகிறோம். மூன்று மணி நேரம் ஓடியாட எங்கே இடம் வைத்திருக்கிறோம் என்று நம்மை யாரும் கேட்பதில்லை.

உடம்பு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று.

சிறு வயதில் எங்கள் தெருவில் பதினைந்து பிள்ளைகள் இருப்போம். சா பூ த்ரீ போட்டு அணி பிரிப்போம். கண்ணாமூச்சியோ கிட்டிப்புள்ளோ, பெரியவர் ஒருவர்கூடப் பக்கத்தில் இருக்க மாட்டார். மூன்று வயதுத் தம்பி ஒருவன் அழுதுகொண்டு வந்து நிற்பான். அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அவனும் ஓடுவான், ஆனால் பிடிபட்டால் அவுட் கிடையாது. சப்பாணி என்ற வார்த்தை இன்று காதுக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆனால் அதற்குள் இருந்த ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். சிறியவனை ஒதுக்கவும் கூடாது, ஆட்டமும் கெடக் கூடாது. அதற்கொரு விதியைப் பிள்ளைகள் தாங்களே வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏமாற்றினால் "அழுகுணி ஆட்டம்" என்று தெருவே கத்தும். சண்டை வந்தால் காய் விடுவோம். மறுநாள் ஆள் குறைந்தால் ஆட்டம் நடக்காதே, அதனால் பழம் விட்டுத்தான் ஆக வேண்டும். கோபத்தைக் கைவிட ஒரு காரணமும் அதைச் சொல்ல ஒரு விரல் சாடையும் எங்களிடம் இருந்தன.

இன்று ஓர் அறைக்குள் இரண்டு குழந்தைகள் சண்டையிட்டால் அரை நிமிடத்தில் ஒரு தாய் உள்ளே போய்த் தீர்ப்புச் சொல்லிவிடுகிறாள். பஞ்சாயத்துப் பேசும் பழக்கமே அவர்களுக்கு வருவதில்லை. திரையில் தோற்றால் மறுபடி தொடங்கு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எதிரே நிற்கும் பையனின் முகம் வாடுவதைப் பார்த்துத் தன் பிடிவாதத்தைத் தளர்த்திக்கொள்ளும் வேலை அங்கே இல்லை.

"காலம் மாறிவிட்டது, தெருவில் விட முடியுமா?" என்று கேட்பீர்கள். உங்கள் பயம் எனக்கும் இருக்கிறது. எங்கள் தெருவில் இரு சக்கர வாகனங்கள் பறக்கின்றன, நாய்கள் திரிகின்றன. பிள்ளையை அப்படியே அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. ஊரிலிருந்து திரும்பியதும் நான் ஒன்று செய்தேன். தெருமுனைக் கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வரச் சொன்னேன். நூற்றைம்பது அடிகூட இருக்காது. முதல் வாரம் பால்கனியில் நின்று, அவள் கடைக்குள் போய் வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை கம்பியைப் பிடித்திருந்த இறுக்கம் எனக்குத் தெரியும். இரண்டாம் வாரம் பால்கனிக்குப் போகவில்லை. ஒருநாள் தாமதமாக வந்தாள். கடைக்காரர் இரண்டு ரூபாய் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தாராம். "எனக்குச் சில்லறைதான் வேண்டும் மாமா" என்று சொல்லி, அவர் தேடி எடுத்துக் கொடுக்கும்வரை நின்றிருக்கிறாள். அந்த இரண்டு ரூபாய் நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்குத் தெருவில் ஆட்டம் பன்னிரண்டு வயதோடு முடிந்துவிட்டது. வயதுக்கு வந்த பிறகு தாவணியைக் கொடுத்தார்கள், பாண்டிக் கட்டத்தை அழித்துவிட்டார்கள். என் தம்பி அதே தெருவில் கல்லூரிக்குப் போகும்வரை கிரிக்கெட் ஆடினான். அவன் இன்று எந்த ஊருக்கும் தனியாகப் போய் இறங்கி வழி கேட்டுப் போய்விடுவான். முதல் வேலைக்காகச் சென்னைக்குப் பஸ் ஏறியபோது நான் நடுங்கிய நடுக்கம் எனக்குத்தான் தெரியும். இதை என் மகளுக்குச் செய்ய மாட்டேன். அவளுக்கு இன்னும் மூன்று வருடமோ நான்கு வருடமோதான் இருக்கிறது என்ற கணக்கு என்னிடம் கிடையாது.

இது வீட்டோடு முடிகிற காரியமும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றின் பட்டியலில் விளையாட்டு மைதானத்தையும் வைத்திருக்கிறது. மகள் படிக்கும் பள்ளியில் மைதானம் இருக்கிறது. விளையாட்டு வகுப்பு மட்டும் வாரம் தவறாமல் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்டபோது, பக்கத்தில் இருந்த பெற்றோரே "பரீட்சை வருகிறதே" என்றார்கள். பெரிய மனைப் பிரிவுகளில் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்ற விதி தமிழ்நாட்டில் இருக்கிறது. உங்கள் பகுதியில் அந்த இடம் எங்கே, யாருக்குத் திறந்திருக்கிறது, சாயங்காலம் பூட்டுகிறார்களா என்று ஒரு முறை போய்ப் பாருங்கள்.

பம்பரம் இப்போது மதுரைக்கு வந்துவிட்டது. எங்கள் குடியிருப்பில் இன்னும் நான்கு பேர் வாங்கிவிட்டார்கள், அதில் இரண்டு பேர் பெண் பிள்ளைகள். வாகனம் குறைவாக நிற்கும் மூலையில் காவலாளி ஐயா சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். சிமென்ட் தரையில் ஆணி பதிந்து குழி குழியாகத் தடம் விழுந்திருக்கிறது. தரை கெடுகிறது என்று சங்கத்தில் புகார் போயிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதைப் பேசப்போகிறார்கள். சாயங்காலம் ஐந்து மணி முதல் ஏழு மணிவரை அந்தப் பலகை செல்லாது என்று எழுதித் தரும்படி கேட்க நான் போகிறேன். மகளும் வருகிறாள். தரையை என்ன செய்யலாம் என்று அவளிடம் ஒரு யோசனை இருக்கிறதாம், அதை அவளே சொல்வாளாம்.