காத்திருந்தால் விலை ஏறும்

"கொஞ்சம் பொறு, விலை இறங்கட்டும்." கேம் கன்சோல் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நம் ஊரில் கிடைக்கும் பதில் இதுதான். வாங்கித் தர மனமில்லாத அப்பாக்கள் மட்டுமல்ல, விவரம் தெரிந்தவர்களும் இதையேதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது நல்ல யோசனையும்கூட. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த சோனியின் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2), 2009இல் 99 டாலருக்குக் கிடைத்தது. 2006இல் பிஎஸ்3இன் பெரிய மாடலுக்கு 599 டாலர் கேட்டு சோனி ஊரெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டது. மூன்றே வருடத்தில் ஸ்லிம் மாடல் 299க்கு வந்தது. பிஎஸ்4கூட 399இல் தொடங்கி 299க்கு இறங்கியது.

நம்மில் பலர் ஒரு கன்சோலின் முகத்தைப் பார்த்ததே அதன் நாலாவது, ஐந்தாவது வயதில்தான். பர்மா பஜாரில், கள்ள டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்ட பிஎஸ்2, கூடவே பிளாஸ்டிக் கவரில் நாலைந்து டிஸ்க். பேரம் பேசி வாங்கி வந்தவர்களுக்குத் தெரியும், அமெரிக்காக்காரன் பழசு என்று ஒதுக்கும் நேரத்தில்தான் நமக்கு அது கைக்கெட்டும் விலைக்கு வரும் என்று. அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது.

பிஎஸ்5 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடல் 39,990. 2022 நவம்பரில் இரண்டுக்கும் ஐயாயிரம் ஏற்றினார்கள். 2024இல் ஸ்லிம் வந்தது. பெட்டி சின்னதானது, விலை சின்னதாகவில்லை. அதே 54,990. அமெரிக்காவில் 499 டாலராக இருந்த டிஸ்க் மாடல் 2025 ஆகஸ்டில் 549.99 ஆனது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கதை இன்னும் மோசம். 499க்கு வந்த சீரிஸ் எக்ஸ் 2025 மே மாதம் 599.99 ஆகி, அக்டோபரில் 649.99 ஆனது. ஒரே வருடத்தில் இரண்டு ஏற்றம். 299க்கு 'ஏழைகளின் எக்ஸ்பாக்ஸ்' என்று கொண்டாடிய சீரிஸ் எஸ் அதே அக்டோபரில் 399.99 ஆனது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது நிண்டெண்டோ. 2017இல் 299.99க்கு வந்த அதன் முதல் ஸ்விட்ச் கன்சோலின் விலையை, ஸ்விட்ச் 2 வெளிவந்த பிறகு, 339.99 ஆக ஏற்றினார்கள். எட்டு வயதான, அடுத்த வாரிசே வந்துவிட்ட ஒரு இயந்திரத்துக்கு விலையேற்றம்!

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் கையில் தருவார்கள். டிரம்ப் வரி என்பது ஒன்று. அது உண்மைதான். 2025 ஏப்ரலில் ஸ்விட்ச் 2இன் அமெரிக்க முன்பதிவையே அதனால் தள்ளி வைத்தார்கள். ஆனால் சோனி ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பிஎஸ்5 விலையேற்றத்தை அறிவித்தது 2022 ஆகஸ்டில். அப்போது அந்த வரியே இல்லை. அதனால் எல்லாப் பழியையும் டிரம்ப் தலையில் போட்டுவிட்டுப் போக முடியாது.

சிப் காரணம் இதைவிட வலுவானது. முன்பெல்லாம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதே சிப்பை இன்னும் சிறிதாகச் செய்வார்கள். ஒரே சிலிக்கான் தட்டில் கூடுதல் சிப்கள் தேறும், அடக்க விலை சரியும், அந்த லாபத்தில் ஒரு பங்கு நமக்கும் வரும். இப்போது சிறிதாக்குவதற்கே ஆகும் செலவு, மிச்சமாவதை விழுங்கிவிடுகிறது. பிஎஸ்5இன் சிப்பை 2022இலேயே 7 நானோமீட்டரிலிருந்து 6க்கு மாற்றினார்கள். மின்சாரம் கொஞ்சம் மிச்சம், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கொஞ்சம் சிறியது, அவ்வளவுதான்.

அப்புறம் மெமரி. 2025 கடைசியில் கம்ப்யூட்டர் ரேம் வாங்கப் போனவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். உலகத்தின் பெரும்பகுதி ரேமைச் செய்பவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே பேர். மூவரும் இப்போது ஏஐ டேட்டா சென்டர்களுக்குச் சரக்கு அனுப்புவதில் மும்முரமாக இருக்கிறார்கள், ஏனென்றால் காசு அங்கேதான். பொதுமக்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக டிசம்பரில் மைக்ரான் அறிவித்துவிட்டது. பிஎஸ்5க்குள் 16 ஜிபி மெமரி இருக்கிறது. கையில் பிடித்து ஆடும் பெரிய ஹேண்ட்ஹெல்டுகளில் 24 ஜிபி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. பொருள் அடக்க விலைக்குக் கீழே விற்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. ஒவ்வொரு எக்ஸ்பாக்ஸுக்கும் 100 முதல் 200 டாலர் வரை கையிலிருந்து போடுகிறோம் என்று 2022இல் அப்போதைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சரே சொன்னார். அந்த நஷ்டத்தை ஒருவன் ஏன் தாங்குவான்? எதிர்க்கடைக்காரன் பயத்தில்தான். 2002 மே மாதம் சோனி பிஎஸ்2 விலையை 199 டாலராகக் குறைத்தது. அடுத்த நாளே மைக்ரோசாஃப்ட்டும் எக்ஸ்பாக்ஸை 199க்குக் கொண்டுவந்தது. சில நாட்களில் நிண்டெண்டோ கேம்க்யூப் விலையை 149 ஆக்கியது. வாங்குகிறவனுக்கு அது பொற்காலம். இப்போது அந்த எதிர்க்கடைக்காரன் எங்கே? மைக்ரோசாஃப்ட்டின் சொந்த கேம்களான ஃபோர்சா ஹொரைஸன் 5உம் கியர்ஸ் ஆஃப் வாரும் பிஎஸ்5இலேயே ஓடுகின்றன. ஹேலோவும் வரப்போவதாக அறிவித்துவிட்டார்கள். எதிரியே தன் சரக்கை நம் கடையில் கொண்டுவந்து வைத்து விற்கும்போது எந்த முதலாளி விலையைக் குறைப்பான்?

இது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஜப்பானைப் பாருங்கள். அங்கே யென் மதிப்பு விழுந்து கிடக்கிறது, பிஎஸ்5 டிஜிட்டல் மாடல் 72,980 யென் வரை ஏறிவிட்டது. நிண்டெண்டோ அங்கே ஸ்விட்ச் 2ஐ ஜப்பானிய மொழி மட்டும் கொண்ட தனி மாடலாக 49,980 யென்னுக்கு இறக்கியது. எல்லா மொழியும் உள்ள மாடல் 69,980. அதாவது உள்ளூர்க்காரனுக்கு இருபதாயிரம் யென் குறைவு. கொஞ்ச மாதத்தில், 2025 நவம்பரில், சோனியும் ஜப்பானிய மொழி மட்டும் கொண்ட பிஎஸ்5 டிஜிட்டல் மாடலை 55,000 யென்னுக்குக் கொண்டுவந்தது. அதே சிப், அதே மெமரி. போட்டி இருக்கும் ஊரில் விலை இறங்குகிறது. நமக்கு அப்படி ஒரு மாடல் வருமா? நிண்டெண்டோ இந்தியாவில் கடையே திறக்கவில்லை. இங்கே சோனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

சரி, விலையை விட்டுப் பொருளுக்கு வருவோம். எனக்கு இப்போது உண்மையில் ஆசை காட்டுவது டிவிக்குக் கீழே உட்காரும் பெட்டிகள் அல்ல, கையில் பிடித்து ஆடும் ஹேண்ட்ஹெல்டுகள்தான். வீட்டில் டிவி எப்போதும் வேறு யாருக்காவது தேவைப்படும் என்பது குடும்பஸ்தர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நண்பர் ஒருவரின் ஸ்விட்ச் 2ஐக் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். முதலில் கவர்வது இரண்டு பக்கமும் மாட்டும் அந்தக் காந்த ஜாய்கான் கன்ட்ரோலர்கள். பக்கத்தில் கொண்டுபோனாலே 'டக்' என்று தானாக ஒட்டிக்கொள்கின்றன, கழற்ற வேண்டுமென்றால் பின்னால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பழைய ஸ்விட்சில் தண்டவாளத்தில் தள்ளிச் செருகி, அரைகுறையாக உட்கார்ந்துவிட்டதோ என்று ஆட்டிப் பார்த்த வேலை இல்லை. 7.9 அங்குலத் திரை, 1080பி, பின்னால் நிறுத்தும் காலும் இப்போது உறுதி. மரியோ கார்ட் வேர்ல்டை இரண்டு பேர் மேஜையில் வைத்து ஆடும்போது கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. ஆனால் முந்தைய மாடலிலேயே ஓஎல்இடி திரை கொடுத்தவர்கள் இதில் எல்சிடிக்குத் திரும்பியிருக்கிறார்கள். வேகமான காட்சிகளில் படம் லேசாக இழுபடுகிறது என்று சோதித்தவர்கள் பலரும் சொன்னார்கள், பழகிய கண்ணுக்கு அது தெரிகிறது. பேட்டரி 2 முதல் 6.5 மணி நேரம் என்று நிண்டெண்டோவே சொல்கிறது. பெரிய கேம் ஆடினால் அந்த 2 பக்கம்தான் நிற்கும்.

விலைதான் தொண்டையில் சிக்குகிறது. 2025இல் வந்தபோது கேட்ட 449.99 டாலர் வெறும் தொடக்கம். மரியோ கார்ட் தனியாக வாங்கினால் 79.99. பழைய மெமரி கார்டில் கேமைச் சேமித்து ஆட முடியாது, மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகை வேண்டும். சில கேம்களின் கார்டுக்குள் கேமே இல்லை, அது வெறும் சாவி. கேமை இணையத்திலிருந்துதான் இறக்கிக்கொள்ள வேண்டும். இங்கே வாங்குவதென்றால் இறக்குமதிக் கடைதான் கதி. நான் விசாரித்த ஒரு கடையில் டாலர் விலைக்கு மேல் நன்றாகவே ஏற்றிச் சொன்னார்கள். வாரண்டி என்று கேட்டதும், "நம்ம கடை வாரண்டி இருக்கு சார்" என்று விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்க வந்தார். பில் கிடையாது.

எக்ஸ்பாக்ஸ் அலை எக்ஸ் வேறு ரகம். ஏசஸும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து செய்தது, 2025 அக்டோபரில் வந்தது. 715 கிராம் என்று படித்தபோது கை வலிக்கும் என்று நினைத்தேன், ஆனால் இரண்டு பக்கமும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் போலவே பிடி இருப்பதால் எடை உள்ளங்கையில் பரவி உட்கார்கிறது. நான் பிடித்த ஹேண்ட்ஹெல்டுகளில் பிடிக்கு இதுதான் முதலிடம். ஆன் செய்தால் நேராக எக்ஸ்பாக்ஸ் திரைக்குப் போகிறது, விண்டோஸ் டெஸ்க்டாப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்திருக்கிறதே தவிரப் போய்விடவில்லை. சின்னத் திரைக்காகப் பிறக்காத ஒன்றைச் சின்னத் திரையில் ஓட்டும் சங்கடம் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். இந்த விஷயத்தில் 2022இல் வந்த, வால்வ் கம்பெனியின் ஸ்டீம் டெக் இன்னும் எல்லோருக்கும் அண்ணன். பாதி ஆட்டத்தில் பொத்தானை அழுத்தித் தூங்க வைத்துவிட்டு, ராத்திரி எடுத்தால் அதே இடத்தில் அப்படியே நிற்கிறது. பிள்ளை அழுதால் எழுந்து ஓட வேண்டிய வயதில் இந்த ஒரு வசதி போதும், மற்ற கணக்கெல்லாம் அப்புறம். ஆனால் வால்வ் அதை இந்தியாவில் விற்கவே இல்லை. அலை எக்ஸ் விற்கிறது, 2025இல் வந்தபோது 1,14,990 ரூபாய்க்கு. அந்தப் பணத்தில் அப்போது டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 இரண்டு வாங்கியிருக்கலாம்.

பிளேஸ்டேஷன் போர்ட்டலைப் பற்றி இரண்டே வரி. இங்கே வந்தபோது 18,990 ரூபாய், அழகான 8 அங்குலத் திரை, கையில் சொகுசு. ஆனால் வீட்டில் இருக்கும் பிஎஸ்5 காட்டுவதை வைஃபை வழியாகக் காட்டும் கண்ணாடி மட்டுமே, தனியாக எதுவும் ஓடாது. வெளிநாட்டில் அதிலேயே கிளவுட் வழியாக ஆடலாம், அதற்கான பிரீமியம் சந்தா நம் நாட்டில் இல்லை.

நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பிஎஸ்5 இங்கே வந்தபோது டாலர் 73 ரூபாய் அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. கம்பெனி டாலரில் ஒரு சென்ட்கூட ஏற்றாவிட்டாலும் நம் பக்கத்தில் விலை தானாக ஏறும். அதன் மேல் இறக்குமதி வரி, ஜிஎஸ்டி. 2025இல் சோனியின் புது கேம் ஒன்று 4,999 ரூபாய்.

இப்போது பலர், ராக்ஸ்டார் கம்பெனியின் ஜிடிஏ 6 கேம் வரட்டும், அப்போது வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்கள். 2026 நவம்பர் 19 என்று ராக்ஸ்டார் தேதி அறிவித்திருக்கிறது. ஊரே கடைக்கு ஓடும் அந்த வாரத்தில் விலை குறையும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? கேமுக்காகக் காத்திருங்கள், கன்சோலுக்காக வேண்டாம். வாங்குவது என்று முடிவானால் அடுத்த பண்டிகைத் தள்ளுபடியிலேயே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 செகண்ட் ஹேண்டில் பாருங்கள், ஆடி முடித்த டிஸ்க்கை விற்றாவது கொஞ்சம் திரும்ப எடுக்கலாம். நேரில் போய் ஒரு டிஸ்க்கைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள், ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். கன்ட்ரோலரின் இரண்டு ஸ்டிக்கையும் தொடாமல் விட்டு, திரையில் ஏதாவது தானாக நகர்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினல் பில் இல்லாமல் பணத்தை நீட்டாதீர்கள்.